தாத்தா படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு 'என்.எல். 01' என்ற நம்பர் பிளேட் பழகிப்போன ஒன்று. கம்பெனி வாசல்களில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களிலும் கன்டெய்னர் லாரிகளிலும் நிறைய வண்டிகள் நாகாலாந்து பதிவுதான். ஓட்டுகிறவர் பீகாராக இருப்பார், ராஜஸ்தானாக இருப்பார், நம்ம சேலம், நாமக்கல்லாகவும் இருப்பார். வண்டி மட்டும் நாகாலாந்து. 01 என்றால் கோஹிமா. நான் ஒரு தொழிற்சாலையில் டிஸ்பேட்ச் பிரிவில் இருக்கிறேன். கேட் பாஸில் அந்த எண்ணை ஒரு நாளைக்குப் பலமுறை எழுதுகிறேன்.

என் தாத்தாவும் லாரி டிரைவர்தான். 1944-ல் அவர் வண்டி ஓட்டியது அந்தக் கோஹிமாவுக்குத் தெற்கே, இம்பாலில் இருந்து பர்மா எல்லைக்கு இறங்குகிற மலைப்பாதையில். ராணுவ லாரி. எதிரே ஜப்பான் படை.

அமெரிக்கர்கள் பசிபிக் தீவுகளில் ஜப்பானோடு போரிட்டதை நாம் எத்தனையோ சினிமாக்களில் பார்த்துவிட்டோம். அதே ஜப்பானோடு, அதே வருடங்களில், பர்மாவின் காடுகளில் போரிட்ட 14-ஆவது ராணுவத்தில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். 'மறக்கப்பட்ட ராணுவம்' என்று அதற்கு அப்போதே பெயர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த மறதி ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. போன வருடம் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் பரணில் இருந்து அது கீழே இறங்கியது. இறங்கியதும் ஒரு சண்டையும் சேர்ந்து இறங்கியது.

சண்டையைச் சொல்வதற்கு முன் தாத்தாவைச் சொல்லிவிடுகிறேன்.

அரிசிக்காகப் போனவர்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9-ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது சென்னைதான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாறின. மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் நிஜமாகவே வந்து சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது.

எங்கள் பக்கமும் போர் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. கார் ரேஸ், பைக் ரேஸ் நடந்த சோழவரம் மைதானம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது போர்க்காலத்து விமான ஓடுதளம். நாம் தண்ணீர் குடிக்கிற செங்குன்றம் ஏரியில் அப்போது 'கேட்டலினா' என்ற நீரில் இறங்கும் விமானங்கள் நின்றன. வங்காள விரிகுடாவில் ரோந்து போக அங்கிருந்துதான் கிளம்பின.

தாத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பொன்னேரி தாலுகா, அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. சொந்த நிலம் இல்லை. சென்னை மாகாணம் அந்த நாளில் பர்மா அரிசியை நம்பியிருந்தது. பர்மாவை ஜப்பான் பிடித்ததும் கப்பல் நின்றது, அரிசி விலை ஏறியது, கூலிக்காரன் வீட்டு உலை ஆறிப்போனது. அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தண்டோரா வந்தது.

"தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை" என்று வெள்ளைக்காரன் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு மதராஸ் ரெஜிமென்ட் படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தும் விட்டிருந்தான். இப்போது ஆள் தேவைப்பட்டதும் அந்தப் பேச்சு மறைந்தது. ரெஜிமென்ட் திரும்ப எழுந்தது. இந்திய ராணுவம் போர் முடிவதற்குள் 25 லட்சம் பேராக வளர்ந்தது. அந்த 25 லட்சத்தில் என் தாத்தா ஒருவர். பர்மா அரிசி நின்று போனதால் பசி வந்தது. அந்தப் பசிதான் அவரைப் பர்மாவுக்கே கொண்டு போனது.

ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற போக்குவரத்துப் பிரிவில் சேர்த்தார்கள். லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கிலீஷ் எழுத்தில் இந்துஸ்தானி எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். மாதாமாதம் வீட்டுக்கு மணியார்டர் வந்தது. கொள்ளுப்பாட்டி அதில்தான் அடுப்பு எரித்தாள்.

இருபதாவது டிவிஷன்

அவர் பிரிவு இணைந்திருந்தது 20-ஆவது இந்திய காலாட்படை டிவிஷனோடு. ஒரு டிவிஷன் என்றால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். துப்பாக்கி பிடித்து முன்னால் நிற்பவர்களுக்குப் பின்னால் பீரங்கிக்காரர்கள், பாலம் போடுகிறவர்கள், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்கள், சமையல்காரர்கள், லாரிக்காரர்கள் என்று ஒரு ஊரே நகரும்.

இந்த டிவிஷன் 1942 ஏப்ரலில் பெங்களூரில் உருவானது. தளபதி டக்ளஸ் கிரேசி. முதலில் இலங்கைக் காவல், பிறகு ராஞ்சியில் காட்டுப் போர்ப் பயிற்சி, 1943 கடைசியில் மணிப்பூர். அதன் அடையாளம், கறுப்புத் துணியில் வளைந்த வாளைப் பிடித்திருக்கும் ஒரு வெள்ளைக் கை. பெட்டியில் அந்தத் துணி இருக்கிறது. பூச்சி அரித்ததில் வாள் பாதிதான் மிச்சம்.

1944 மார்ச்சில் ஜப்பானின் மூன்று டிவிஷன்கள் இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி வந்தன. எல்லையில் டாமு பக்கம் இருந்த 20-ஆவது டிவிஷன், சண்டை போட்டபடியே ஷெனாம் என்ற மலை உச்சிக்குப் பின்வாங்கியது. எல்லை ஊரான மோரேயில் மலைபோல் சாமான் குவித்து வைத்திருந்தார்கள். எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் தீ வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

இதைத் தாத்தா அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். "அரிசி மூட்டைய நானே தூக்கி நெருப்புல போட்டேன்டா. வெந்த வாசனை வந்துச்சு." அதோடு நிறுத்திக்கொண்டாராம். சாப்பிடும்போது இலைக்கு வெளியே சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் கடைசி வரை அவருக்கு இருந்தது. கஞ்சத்தனம் என்று பாட்டி திட்டுவாள்.

ஷெனாமில் ஐயாயிரம் அடி உயரத்தில், குன்று குன்றாகச் சண்டை. ஒவ்வொரு குன்றுக்கும் சிப்பாய்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: ஜிப்ரால்டர், மால்டா, ஸ்கிராகி, நிப்பான் குன்று. காலையில் ஒருவர் கையில் இருந்த குன்று இரவில் இன்னொருவர் கைக்குப் போகும். அந்தப் பாதையை விட்டிருந்தால் ஜப்பான் படை பலேல் விமானதளத்துக்கும் அங்கிருந்து இம்பாலுக்கும் இறங்கியிருக்கும். மே மாதம் நடுவில் வேறொரு டிவிஷன் வந்து இடம் மாற்றும் வரை 20-ஆவது டிவிஷன் அதைத் தாங்கி நின்றது.

லாரிக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை? மேலே குண்டும் தண்ணீரும் சோறும் ஏற்றவேண்டும். கீழே காயம்பட்டவர்களை இறக்கவேண்டும். இரவில் விளக்கு போடக்கூடாது. மழையில் பாதை சரியும். முன் வண்டியின் பின்பக்கம் கட்டிய வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு முதல் கியரிலேயே போவார்களாம். மார்ச் கடைசியில் கோஹிமா சாலை துண்டிக்கப்பட்டது. அது திரும்பத் திறந்தது ஜூன் 22-ஆம் தேதி. அதுவரை இம்பாலுக்குச் சோறு ஆகாயத்தில் இருந்துதான் வந்தது. எதிரே ஜப்பான் சிப்பாய்களுக்கு அதுவும் வரவில்லை. குண்டடி பட்டதோடு பசியிலும் நோயிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். தாத்தா அவர்களை ஒருநாளும் கேவலமாகப் பேசியதில்லை என்கிறார் அப்பா.

பிறகு டிவிஷன் முன்னேறியது. சிந்துவின் ஆற்றைத் தாண்டியது. 1945 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, மியின்மு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஐராவதியைக் கடந்தது. போர் முடிந்ததும் செப்டம்பரில் அதே டிவிஷனைச் சைகோனுக்கு அனுப்பினார்கள். சரணடைந்த ஜப்பான் படையிடம் ஆயுதம் வாங்குவது வேலை. ஆனால் ஆள் போதவில்லை என்று, வியட்நாம் விடுதலைக்காரர்களை அடக்க அதே ஜப்பான் சிப்பாய்களையும் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சுக்காரன் திரும்பி வர வழி விட்டார்கள். "நேத்து வரைக்கும் என்னைச் சுட்டவன், இன்னிக்கு எனக்குக் காவல். யாருக்காக யாரைப் பிடிக்கிறோம்னே புரியல" என்பாராம் தாத்தா. சைகோனில் ஒரு மாரியம்மன் கோயில் இருந்ததையும், அங்கே திருநீறு பூசிக்கொண்டு அழுததையும்தான் அந்த ஊரைப் பற்றி விரும்பிச் சொல்வார்.

1946-ல் ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்தார். பதினைந்து வருடம் முடிக்காதவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கையில் சில பதக்கங்களும் லாரி ஓட்டத் தெரிந்த இரண்டு கைகளும்தான் மிச்சம். அதன் பிறகு சாகும்வரை ஜி.என்.டி. ரோட்டில் சரக்கு லாரி ஓட்டினார்.

அதே மாதம், அதே ஆறு

இப்போது சின்னத் தாத்தா கதை.

தாத்தாவின் தம்பி 1937-ல் தாய்மாமனோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அப்போது பன்னிரண்டு வயது. ஜப்பான் வந்தது. 1943-ல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். கூலி என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர்களை முதல் தடவையாக ஒருவர் வீரர்கள் என்று கூப்பிட்டார். பதினெட்டு வயதுச் சின்னத் தாத்தாவும் சேர்ந்தார்.

அவர் இருந்தது நேரு பிரிகேட். மலாயாத் தமிழர்கள் நிறைய இருந்த படை அது. 1945 பிப்ரவரியில் அந்தப் படை நின்ற இடம், ஐராவதிக் கரையில் நியாங்கு, பகான் பகுதி. தலைவர் குர்பக்ஷ் சிங் தில்லான். பின்னால் டெல்லி செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட மூவரில் ஒருவர். பிப்ரவரி 14-ஆம் தேதி 7-ஆவது இந்திய டிவிஷன் அங்கே ஆற்றைக் கடந்தது. கனரக ஆயுதம் எதுவும் இல்லாத இவர்களால் எவ்வளவு நேரம் தாங்கமுடியும்? பலர் பிடிபட்டார்கள். சின்னத் தாத்தாவும் அதில் ஒருவர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் கைதி முகாமில் வைத்திருந்து 1946 கடைசியில் விட்டார்கள்.

மியின்முவுக்கும் நியாங்குக்கும் சுமார் நூறு கிலோமீட்டர். ஒரே ஆறு, இரண்டு நாள் வித்தியாசம். அண்ணன் ஒரு ராணுவத்தில், தம்பி எதிர் ராணுவத்தில். இருவருக்கும் இது தெரிந்தது ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான்.

பாட்டி சொல்வாள், அதன் பிறகு அவர்கள் பர்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லையாம். மலேரியா மட்டும் இருவரோடும் ஊருக்கு வந்திருந்தது. ஒருவர் குளிரில் நடுங்கினால் மற்றவர் எழுந்து கோணிப்பையைக் கொண்டுவந்து போர்த்துவாராம்.

1972-ல் சுதந்திர வெள்ளிவிழா. தியாகிகளுக்குத் தாமிரப் பத்திரமும் பென்ஷனும் அறிவித்தார்கள். ஐ.என்.ஏ.காரர்களுக்கும் உண்டு. சின்னத் தாத்தாவுக்குக் கிடைத்தது. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றக் கூப்பிடுவார்கள். அவர் படம் மாலையோடு எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் இருந்தது, கீழே 'தியாகி, இந்திய தேசிய ராணுவம்' என்ற எழுத்தோடு. தாத்தாவுக்குப் படம் இல்லை.

சண்டை

புது வீடு முடிந்தது. அப்பாவுக்கு 78 வயது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க நைனா படத்தையும் மாட்டணும். சித்தப்பா படத்துக்குப் பக்கத்துல. கீழ ரெண்டு வரி எழுதணும். என்னா எழுதணும்னு நீ யோசி."

சின்னத் தாத்தாவின் மகள், என் அத்தை, உடனே சொன்னார்: "மாட்டுங்கண்ணா, நான் வேணாங்கல. ஆனா பக்கத்துல வேணாம்."

"ஏன்?"

"எங்க அப்பா நாட்டுக்காகப் போனாரு. பெரியப்பா சம்பளத்துக்குப் போனாரு. வெள்ளைக்காரன் குடுத்த பதக்கத்தையும் தாமிரப் பத்திரத்தையும் ஒரே சுவத்துல வைக்கலாமா?"

கல்லூரியில் படிக்கிற என் அண்ணன் மகனும் அத்தை பக்கம்தான். "அவர் நம்ம சுதந்திரத்துக்கு எதிரா சண்டை போட்டாருன்னுதானே அர்த்தம்?" என்றான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அத்தை சொன்னதில் உண்மை இருக்கிறது. நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத்துத் தமிழனின் தியாகத்துக்குப் பக்கத்தில் எதையும் சுலபமாக நிறுத்திவிடமுடியாது. சைகோனில் நடந்ததைப் பெருமையாகச் சொல்லவும் வழியில்லை. தாத்தாவே சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜப்பான் படை போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையில் பல்லாயிரம் மலாயாத் தமிழர்கள் வேலை வாங்கப்பட்டே செத்தார்கள். அவர்களும் சின்னத் தாத்தாவின் தோட்டத்து ஜனங்கள்தான். அந்தப் படை இம்பாலைத் தாண்டியிருந்தால் நம் நாட்டில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லமுடியாது. ஷெனாமில் நின்றவர்கள் அதைத் தெரிந்துகொள்ளும் நிலைமையை நமக்கு வைக்கவில்லை.

சம்பளத்துக்குப் போனார் என்பதையும் நான் குறையாக நினைக்கவில்லை. எங்கள் கம்பெனி கேட்டில் நிற்கிற ஒவ்வொரு டிரைவரும் சம்பளத்துக்குத்தான் வீட்டை விட்டு வந்திருக்கிறார். பசித்த வீட்டுக்கு மணியார்டர் அனுப்ப ஒரு பத்தொன்பது வயதுப் பையன் போனான். அந்தப் பணத்தில் சோறு தின்றவர்களின் வாரிசுகள்தான் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து அவனை விசாரிக்கிறோம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மனசு மாறியதாகத் தெரியவில்லை. வாதத்தால் அசைகிற விஷயம் இல்லை அது.

கார்பன் காப்பி

பெட்டியை முழுசாகக் காலி செய்தது நானும் அண்ணன் மகனும்தான். டிஸ்சார்ஜ் புத்தகம், நான்கு பதக்கங்கள், அதில் கருநீல ரிப்பனில் நடுவே சிவப்பும் இரு பக்கம் ஆரஞ்சும் ஓடுகிற பர்மா ஸ்டார். அடியில் ஒரு பழுப்புக் கவர். உள்ளே நான்காக மடித்த கார்பன் காப்பி. தாத்தா கையெழுத்து.

தம்பிக்குத் தியாகி பென்ஷன் கேட்டு 1972-ல் எழுதிய மனுவின் நகல் அது. தோட்டத்தில் வளர்ந்த சின்னத் தாத்தாவுக்கு எழுத வராது. மனுவின் கடைசியில் தாத்தா தன் சார்பில் சில வரிகள் சேர்த்திருக்கிறார். தன் தம்பி ஐ.என்.ஏ.வில் ஐராவதிக் கரையில் இருந்தது உண்மை என்றும், அதே சமயம் தான் எதிர்த்தரப்பில் 20-ஆவது டிவிஷனில் இருந்ததால் அந்த இடங்களும் தேதிகளும் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், தேவைப்பட்டால் நேரில் வந்து சாட்சி சொல்லத் தயார் என்றும்.

அண்ணன் மகன் அதை இரண்டு தடவை படித்தான். ஒன்றும் பேசாமல் போய் அத்தையிடம் கொடுத்தான். அத்தைக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. அவன்தான் சத்தமாகப் படித்துக் காட்டினான். 'எதிர்த்தரப்பில் இருந்தவன் என்ற முறையில்' என்ற இடம் வந்தபோது அத்தை, "இன்னொரு தரம் படி" என்றார்.

இரண்டு படங்களும் இப்போது ஒரே சுவரில் இருக்கின்றன. நடுவில் ஒரு ஜன்னல். அது அத்தை வைத்த நிபந்தனை, அப்பாவும் ஒத்துக்கொண்டார். தாத்தா படத்துக்குக் கீழே நான் யோசித்து வைத்திருந்த வீரம், தியாகம் போன்ற சொற்கள் எதையும் எழுதவில்லை. 'லாரி டிரைவர். 20-ஆவது இந்திய டிவிஷன். இம்பால், ஐராவதி, சைகோன். 1942 - 1946.' அவ்வளவுதான்.

தாத்தா அரிசியை எரித்த மோரேயில் இன்று ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. 1960-களில் பர்மாவில் இருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களில் சிலர் மறுபடி நடந்தே போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தக் கோயில் படத்தை போனில் அப்பாவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்க சோறு போடுறாங்களா?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். அதில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் எண்ணையும் பிரிவையும் தேதியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். போருக்குப் போய்த் திரும்பாதவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம், கட்டணம் இல்லை. பர்மாவில் கல்லறையே இல்லாமல் போன சுமார் 27 ஆயிரம் பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவகத்தின் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கதையைக் காதால் கேட்ட பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொன்னால்தான் உண்டு.